நாற்பது லிட்டர் கடல்

வீட்டுக் கூடத்திலோ படிக்கும் மேசையிலோ வைக்கத்தக்க கண்ணாடித் தொட்டி ஒன்றில் உவர்நீரை நிரப்பி, அதில் பவள உயிரிகளையும் அவற்றைச் சார்ந்து வாழும் நத்தை, நண்டு, இறால், சிறு மீன் ஆகியவற்றையும் ஆண்டுக்கணக்கில் வாழவைக்கும் கலை இன்று உலகின் பல நாடுகளில் பரவியுள்ளது. நூறு லிட்டருக்கும் குறைவாக நீர் கொள்ளும் இத்தகைய தொட்டிகளை இத்துறையினர் பொதுவாக ‘நானோ’ தொட்டிகள் என்றும், பத்துப் பதினைந்து லிட்டருக்குள் அடங்குபவற்றை ‘பைக்கோ’ தொட்டிகள் என்றும் அழைக்கின்றனர். செலவும் இடமும் குறைவு என்பதால் புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் சிறு தொட்டியையே நாடுகின்றனர். ஆனால் அளவில் சிறியது பராமரிப்பிலும் எளியதாக இருக்கும் என்னும் எண்ணம் பிழையானது. கடலின் வெப்பமும் உப்பும் நாளுக்கு நாள் பெரிதும் மாறாதிருப்பதற்குக் காரணம் அதன் பேரளவு. அப்பேரளவு இல்லாத தொட்டியில் அதே நிலைத்தன்மையை வளர்ப்பவரின் ஒழுங்கான உழைப்புதான் தர வேண்டும். சிறு தொட்டிக்குரிய விதிகள் ஏறத்தாழ யாவும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

கலத்திற்குள் வந்த கடல்

கடலுயிர்களை வீட்டிற்குள் வளர்க்கும் முயற்சி சிறிய கலங்களிலேயே தொடங்கியது. 1846-இல் ஆனா தைன் என்னும் ஆங்கிலப் பெண்மணி, இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள டார்க்கீயிலிருந்து சில கற்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து கண்ணாடிக் கிண்ணங்களில் வளர்த்தார். கடல்நீர் எளிதில் கிட்டாத அந்நகரில், இருந்த நீரையே திறந்த சன்னலருகே ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்திற்கு மாற்றி மாற்றி ஊற்றச் செய்து அதற்குக் காற்றூட்டினார். பின்னர் கடற்பாசிகளைச் சேர்த்து, அவற்றின் ஒளிச்சேர்க்கையால் நீருக்கு ஆக்சிஜன் கிடைக்கும்படி செய்தார். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டதும், அடுத்த ஆண்டில் ஃபிலிப் ஹென்றி காஸ் கடல்நீர்த் தொட்டிகளைப் பற்றி எழுதிய நூல் வெளிவந்ததும் இவ்வார்வத்தை நாடெங்கும் பரப்பின.

எனினும் வெப்பமண்டலப் பவளங்களை வீட்டில் நெடுநாள் வாழவைக்கும் வழி அடுத்த நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. இந்தோனேசியாவின் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலடியிலிருந்து எடுத்த நுண்துளைகள் நிறைந்த பாறைத் துண்டுகளைத் தொட்டியில் அடுக்கி, காற்றுக் குமிழிகளால் நீரை அசைத்து, சூரிய ஒளியில் பவளங்களை வளர்த்த தமது முறையை 1961-இல் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழ் ஒன்றில் விளக்கினார். பாக்டீரியாக்களும் நுண்ணுயிர்களும் குடியிருக்கும் அப்பாறையே நீரைத் தூய்மையாக்கும் உறுப்பாக அமைந்தது. ‘உயிர்ப்பாறை’ என்று பின்னர் பெயர்பெற்ற அதனோடு, காற்றுக் குமிழிகளால் நுரை எழுப்பிக் கரைந்த கழிவுகளைப் பிரித்தெடுக்கும் கருவியையும் வலுவான விளக்குகளையும் இணைத்துப் பெர்லின் நகர வளர்ப்பாளர்கள் உருவாக்கிய முறை 1980-களில் பரவியது. இன்றைய சிறு தொட்டி இவ்விரு முறைகளின் சுருங்கிய வடிவமே. அதில் நுரைக் கருவி பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. வாரந்தோறும் நீரின் ஒரு பகுதியை மாற்றுவதே அக்கருவியின் பணியையும் செய்துவிடுகிறது.

பவளம் என்னும் விலங்கு

கல்லைப் போலவும் செடியைப் போலவும் தோன்றினாலும் பவளம் ஒரு விலங்கு. இழுதுமீனும் கடல் சாமந்தியும் சேர்ந்த அதே தொகுதியில் அடங்கும் இவ்வுயிரி, வாயைச் சுற்றிக் கொட்டும் உணர்விழைகள் கொண்ட பாலிப் என்னும் சிற்றுடல்கள் பல ஒன்றுசேர்ந்த கூட்டமாக வாழ்கிறது. இவற்றுள் கால்சியம் கார்பனேட் என்னும் சுண்ணக்கூட்டைக் கட்டுபவை கற்பவளங்கள். அத்தகைய கூடின்றிச் சதைப்பற்றுடன் அசைபவை மென்பவளங்கள். ஆழமற்ற கடலில் வாழும் பெரும்பாலான பவளங்களின் திசுக்களுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. பவளம் அவற்றுக்கு உறைவிடமும் கார்பன் டை ஆக்சைடும் தருகிறது. பாசிகள் ஒளிச்சேர்க்கையால் உருவாக்கும் சர்க்கரையின் பெரும்பகுதியைப் பவளத்திற்கு அளிக்கின்றன. பவளத்தின் உணவுத் தேவையில் மிகப் பெரும் பங்கு இவ்வழியே நிறைவேறுவதால், தொட்டியில் விளக்கு என்பது அழகுக்கான பொருளாக இல்லாமல் உணவு வழங்கும் கருவியாகவே அமைகிறது.

இக்கூட்டு வாழ்க்கை நெருக்கமானது, அதேயளவு நொய்மையானது. வழக்கமான கோடை உச்சத்தைவிட நீர் வெப்பம் ஏறத்தாழ ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்து சில வாரங்கள் நீடித்தால், பவளம் தன் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. நிறம் தந்த பாசி நீங்கியதும் வெண்ணிறச் சுண்ணக்கூடு திசுவின் வழியே தெரிவதால் இதனைப் பவள வெளிறல் என்பர். வெப்பம் விரைவில் தணிந்தால் பாசிகள் மீண்டும் குடியேறலாம். தணியாவிட்டால் பவளம் பட்டினியால் மடிகிறது. 1998-இலும் 2010-இலும் 2016-இலும் மன்னார் வளைகுடாவில் நேர்ந்தது இதுவே. கடலில் இத்தகைய வெப்பம் கூடுவதற்கு வாரங்கள் ஆகின்றன; சிறு தொட்டியிலோ மின்விசிறி நின்றுபோன ஒரு பிற்பகலே போதும்.

சிற்றளவின் கணக்கு

கடல்நீரில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. எனவே 400 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் நீர் வற்றினால் உவர்ப்பு 35-இலிருந்து 35.1 ஆக மட்டுமே உயர்கிறது. 40 லிட்டர் தொட்டியில் அதே ஒரு லிட்டர் வற்றினால் 35.9 ஆகிறது, 10 லிட்டர் தொட்டியில் ஏறத்தாழ 38.9 ஆகிவிடுகிறது. முதல் மாற்றம் பவளத்திற்குப் பொருட்டன்று. கடைசி மாற்றம் உயிரைப் பறிக்கக்கூடியது. உண்ணாமல் விடப்பட்ட உணவுத் துணுக்கு, பாறை இடுக்கில் இறந்துபோன நத்தை, கூடுதலாக ஊற்றப்பட்ட மருந்து ஆகிய ஒவ்வொன்றும் இதே விகிதத்தில் பெருகித் தாக்கும். அதனால் புதியவர்கள் பத்து லிட்டர் கலத்தைத் தவிர்த்து, 45 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட, அதாவது ஏறத்தாழ 40 லிட்டர் கொள்ளும் தொட்டியிலிருந்து தொடங்குவது நன்று. அதிலும் பாறையும் மணலும் அடைக்கும் இடம் போக எஞ்சும் நீர் 30 லிட்டர் அளவே என்பதை நினைவிற்கொண்டு, எந்தப் பொருளைச் சேர்ப்பதற்கும் அந்த 30 லிட்டரையே கணக்கில் எடுக்க வேண்டும்.

கடலுப்பின் இயல்பைப் பற்றிய ஓர் அறிவியல் உண்மை கடலிலிருந்து தொலைவிலும் இத்தொட்டிகளை அமைக்க வழிவகுத்தது. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த பிரிட்டனின் சேலஞ்சர் கப்பல் கொணர்ந்த 77 நீர் மாதிரிகளைப் பகுத்தாய்ந்த வில்லியம் டிட்மார், உப்பின் மொத்த அளவு இடத்திற்கு இடம் மாறினாலும் அதிலுள்ள முதன்மைக் கூறுகள் ஒன்றுக்கொன்று கொண்ட விகிதம் மாறுவதில்லை என்பதை 1884-இல் உறுதிப்படுத்தினார். குளோரைடு, சோடியம், சல்பேட், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகிய ஆறுமே கரைந்த உப்பின் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை. இந்த விகிதத்தில் கலந்து விற்கப்படும் செயற்கைக் கடலுப்பைத் தூய நீரில் கரைத்தால் பவளம் ஏற்கும் நீர் கிடைக்கிறது. சமையலுப்பு ஏறத்தாழ முழுவதும் சோடியம் குளோரைடே ஆதலால் அது ஒருபோதும் இதற்கு மாற்றாகாது. கடற்கரையில் வாளியால் மொண்ட நீரும் உகந்ததன்று. கரையோரக் கழிவுகளும் அழுகும் மிதவை உயிர்களும் அதில் கலந்திருக்கும்.

உப்பைக் கரைக்கும் நீர் எத்தகையது என்பதும் அதேயளவு முக்கியமானது. குழாய்நீரில் குளோரினும், ஆழ்துளைக் கிணற்று நீரில் மிகுந்த கடினத்தன்மையும், பழைய குழாய்களின் வழியே வரும் நீரில் செம்பும் இருக்கக்கூடும். மனிதருக்குத் தீங்கு செய்யாத மிகச் சிறிய அளவு செம்பும் இறால், நண்டு, நத்தை, பவளம் ஆகிய முதுகெலும்பற்ற உயிர்களைக் கொன்றுவிடும். ஆர்.ஓ. கருவியில் வடிகட்டி, எஞ்சிய அயனிகளையும் பிசின் வடிகட்டியால் நீக்கிய நீரே ஏற்றது. குடிப்பதற்கான சில ஆர்.ஓ. கருவிகள் சுவைக்காகக் குழாய்நீரின் ஒரு பங்கையோ தாதுக்களையோ மீண்டும் சேர்ப்பதால், நீரில் கரைந்துள்ள பொருள்களின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரால் சோதித்து, அளவு சுழியத்தை ஒட்டி இருப்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

தொட்டியை அமைத்தல்

நீர், பாறை, மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 40 லிட்டர் தொட்டி ஏறத்தாழ 50 கிலோ எடை கொள்ளும்; ஆகவே அது அசையாத, மட்டம் பார்த்த மேசையில், நேர் வெயில் படாத இடத்தில் அமைய வேண்டும். அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்திற்கு அரகோனைட் என்னும் சுண்ணக் கனிம மணலைப் பரப்பி, அதன்மேல் பாறைகளை நீர் புகுந்து வெளிவரும் இடைவெளிகளோடு அடுக்குவர். இந்தியாவில் இதற்குக் கடலிலிருந்து எடுத்த பவளக்கல்லைப் பயன்படுத்தக் கூடாது. நுண்துளைகளோடு செய்யப்பட்ட பீங்கான் அல்லது சிமெண்டுப் பாறைகள் அதே பணியைச் செய்யும். சிமெண்டுப் பாறையை வாரக்கணக்கில் நன்னீரில் ஊறவைத்து, அதிலிருந்து கசியும் காரம் நீங்கிய பின்னரே தொட்டியில் இட வேண்டும்.

ஓரிடத்தில் நிலைத்து வாழும் பவளத்திற்கு உணவையும் ஆக்சிஜனையும் கொண்டுவருவதும், அதன் மேல் படியும் கழிவைக் கொண்டுசெல்வதும் நீரோட்டமே. மென்பவளங்களுக்குத் தொட்டியின் நீர் ஒரு மணி நேரத்தில் பத்து முதல் இருபது முறை சுழல்வது போதுமானது. அதாவது 40 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 400 முதல் 800 லிட்டர் வரை நீரைத் தள்ளும் சிறு பம்ப் ஒன்று வேண்டும். நீரின் மேற்பரப்பு எப்போதும் நெளிந்துகொண்டிருந்தால்தான் காற்றுடனான வாயுப் பரிமாற்றம் தடையின்றி நடக்கும். விளக்கு, நீலம் மிகுந்த ஒளி தரும் எல்.இ.டி. வகையாக இருக்க வேண்டும். ஏனெனில் கடல்நீர் சிவப்பு ஒளியை விரைவில் உறிஞ்சிக்கொள்ள, நீல ஒளியே ஆழத்திற்குச் செல்கிறது. பவளத்தின் பாசிகளும் அதற்கே பழகியவை. நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் ஒளி போதும். அதனை டைமர் வைத்து ஒழுங்குபடுத்த வேண்டும். புதிய பவளத்தை முழு ஒளியில் திடீரென வைத்தால் அதுவும் வெளிறும் என்பதால், குறைந்த ஒளியில் தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாக உயர்த்துவர்.

உவர்ப்பை அளக்க மிதவை வகை ஹைட்ரோமீட்டரைவிட, ஒரு துளி நீரில் ஒளி விலகும் அளவைக் கொண்டு கணிக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் நம்பகமானது. அதனையும் 35 என்று குறிக்கப்பட்ட சோதனைத் திரவத்தால் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். 25 டிகிரி வெப்பத்தில் நீரின் ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026 வரை இருப்பது கடலின் அளவை ஒத்தது.

காத்திருக்க வேண்டிய வாரங்கள்

தொட்டியை நிரப்பிய அன்றே உயிர்களை விடுவது இத்துறையில் மிகுதியாக நிகழும் பிழை. விலங்குகளின் கழிவும் மிஞ்சிய உணவும் சிதையும்போது அம்மோனியா உண்டாகிறது. கடல்நீரின் பி.எச். மதிப்பு 8.1 முதல் 8.4 வரை, அதாவது காரப் பக்கம் சாய்ந்திருப்பதால், அம்மோனியாவின் கூடுதலான பங்கு நச்சு வடிவிலேயே நிற்கும். நன்னீர்த் தொட்டியில் தாங்கக்கூடிய அளவு இங்கே கொல்லும். ஒருவகைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறுவகைப் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டைக் கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பாறையின் உள்துளைகளில், ஆக்சிஜன் எட்டாத இடங்களில் வாழும் மூன்றாம் வகையினவோ நைட்ரேட்டின் ஒரு பகுதியை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. இதுவே நைட்ரஜன் சுழற்சி. இப்பாக்டீரியாக் கூட்டங்கள் பாறையிலும் மணலிலும் படிந்து பெருகுவதற்கு மூன்று முதல் ஆறு வாரங்கள் வரை ஆகலாம்.

இச்சுழற்சியைத் தொடங்க உயிருள்ள மீனைப் பலியிடத் தேவையில்லை. லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் அம்மோனியாவைச் சேர்த்து, கடைகளில் கிடைக்கும் பாக்டீரியாக் கரைசலையும் இட்டு, சோதனைப் பெட்டியால் இடைவிடாது கண்காணித்தால் போதும். சேர்த்த அம்மோனியா ஒரே நாளில் மறைந்து, நைட்ரைட்டும் சுழியமாகி, நைட்ரேட் மட்டும் எஞ்சும்போது தொட்டி உயிர்களை ஏற்கத் தயாராகிறது. அப்போது நீரின் பெரும்பகுதியை ஒருமுறை மாற்றிவிடுவது வழக்கம். அடுத்த வாரங்களில் பழுப்பு நிறப் படலமும் அதன்பின் பச்சைப் பாசியும் தோன்றுவது புதிய தொட்டியின் இயல்பு. அதைக் கண்டு மருந்து ஊற்றாமல், உணவையும் ஒளியையும் குறைத்து, பாசி மேயும் நத்தைகள் இரண்டு மூன்றை விட்டால் தொட்டி தானே சமநிலைக்கு வரும்.

எவற்றை வளர்க்கலாம்

இந்தியாவில் இவ்வினாவிற்கு முதல் விடை சட்டத்திலிருந்து வருகிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கற்பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், குழாய்ப்பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி ஆகியவையும் கடற்குதிரைகளும் 2001-இல் சேர்க்கப்பட்டன. இவற்றை எடுப்பதும் விற்பதும் வாங்கி வைத்திருப்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். உயிரற்ற பவளக்கல்லுக்கும் இது பொருந்தும். இச்சட்டத்தின் பின்னணியைத் தமிழ்நாட்டுக் கரையே காட்டுகிறது. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த பவளத்திட்டுகள் சுண்ணாம்புத் தொழிலுக்காகப் பல பத்தாண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டன. அலையைத் தடுத்த திட்டுகள் குறைந்தபின் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கின. எஞ்சியவற்றைக் காக்கவே 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் எல்லைக்குள்ளிருந்து எந்த உயிரையும் தொட்டிக்காக எடுப்பதற்கு இடமில்லை.

ஆகவே சிறு தொட்டிக்கு உரியவை, மேற்கண்ட பட்டியலில் இல்லாத மென்னுடல் வகைகளே: வட்டத் தட்டுப்போல் விரியும் காளான் பவளம், கூட்டங்கூட்டமாய் மலர்போல் விரியும் சோவாந்தஸ், தோல்பவளம், பாறையின்மேல் பாய்போல் படரும் பச்சை நட்சத்திரப் பவளம் ஆகியன. இவை சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்பவை. வெட்டிய துண்டிலிருந்தே முழுக் கூட்டமாக வளர்பவை ஆதலால், ஒரு வளர்ப்பாளரிடமிருந்து மற்றொருவர் துண்டாகப் பெற்று வளர்க்கும்போது கடலுக்கு எந்த இழப்பும் நேர்வதில்லை. வாங்கும் ஒவ்வொன்றின் இனப்பெயரையும் மூலத்தையும் கேட்டறிந்து ரசீது பெற்றுக்கொள்வது வளர்ப்பவரின் கடமை.

அசையாமல் இருக்கும் இவ்வுயிர்கள் ஒன்றோடொன்று போரிடுபவை என்பதை அறிந்து இடைவெளி விட வேண்டும். சில இனங்கள் கொட்டும் இழைகளை நீட்டி அண்டை உயிரைத் தாக்குகின்றன. தோல்பவளம் போன்றவை நீரில் வேதிப்பொருள்களைக் கசியவிட்டுப் பிறவற்றின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. சிறு தொட்டியில் அப்பொருள்கள் நீர்த்துப்போக வழியில்லாததால், வடிகட்டியில் தூண்டப்பட்ட கரியை வைத்து மாதந்தோறும் மாற்றுவர். சோவாந்தஸையும் அதன் உறவினங்களையும் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் அணிவது கட்டாயம். இவற்றுள் சில, இயற்கையில் காணப்படும் மிகக் கொடிய நஞ்சுகளுள் ஒன்றான பாலிடாக்சினைக் கொண்டவை. அவை ஒட்டிய பாறையை வெந்நீரில் இட்டுக் காய்ச்சுவது வீட்டிலுள்ளோர் அனைவரையும் மூச்சுத் திணறலுக்கு உள்ளாக்கக்கூடிய ஆபத்தான செயல்.

மீன்களைப் பொறுத்தவரை, 40 லிட்டரில் மீன் இன்றியே தொடங்குவது சிறந்தது. விரும்பினால் சில மாதங்கள் கழித்து விரல் நீளமும் வளராத உளுவை இன மீன் ஒன்றைச் சேர்க்கலாம். பலரும் விரும்பும் கோமாளி மீன் இணைக்கு ஏறத்தாழ இருமடங்கு நீர் வேண்டும். அது தொட்டியில் வாழக் கடல் சாமந்தி தேவையில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையில் வெற்றி கண்டுள்ளன. பண்ணையில் பிறந்த மீன் தொட்டிக்கும் தீனிக்கும் எளிதில் பழகுகிறது என்பதால், கடலில் பிடித்ததைத் தவிர்த்து அதையே கேட்டு வாங்குவது மீனுக்கும் கடலுக்கும் நன்மை தரும்.

நாளும் வாரமும்

நாள்தோறும் செய்ய வேண்டிய பணி சில நிமிடங்களே பிடிக்கும். ஆனால் அது ஒருநாளும் தவறக் கூடாது. தொட்டியின் பக்கத்தில் நீர்மட்டத்தை ஒரு கோட்டால் குறித்துவைத்து, வற்றிய அளவைத் தூய நன்னீரால் நிரப்ப வேண்டும். வற்றியது நீர் மட்டுமே என்பதால் அதற்கு உப்புநீரை ஊற்றினால் உவர்ப்பு நாளுக்கு நாள் ஏறிவிடும். மட்டம் தாழ்ந்தவுடன் தானே நன்னீரை விடும் கருவி இதற்கு உதவும். அது பழுதானாலும் தொட்டியை மூழ்கடிக்காதபடி அதன் நீர்க்கலம் சிறியதாக இருப்பது பாதுகாப்பு. வெப்பமானியைப் பார்ப்பதும், பவளங்கள் வழக்கம்போல் விரிந்துள்ளனவா என்று கவனிப்பதும் இதனோடு சேர்ந்தவை. சோதனைப் பெட்டி காட்டும் முன்பே குறையைக் காட்டுவது பெரும்பாலும் சுருங்கிய பவளமே.

வாரம் ஒருமுறை நான்கு அல்லது ஐந்து லிட்டர் நீரை உறிஞ்சியெடுத்து, அதற்கு ஈடாகப் புதிய உப்புநீரைச் சேர்க்க வேண்டும். ஐந்து லிட்டருக்கு ஏறத்தாழ 175 முதல் 190 கிராம் வரை செயற்கைக் கடலுப்பு தேவைப்படும். அதை முந்தைய நாளே கரைத்து, காற்றூட்டிக் கலக்கி, உவர்ப்பும் வெப்பமும் தொட்டியின் அளவோடு ஒத்த பின்னரே ஊற்ற வேண்டும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வெளியேறுவதோடு, பவளங்களும் பாசிகளும் எடுத்துக்கொண்ட கால்சியம், மக்னீசியம் முதலியவை மீண்டும் சேர்வதும் இதனாலேயே. அமிலத்தை ஏற்று நடுநிலைப்படுத்தும் நீரின் திறனைக் காரத்தன்மை என்பர். அதனை டி.கே.எச். என்னும் அலகில் 8 முதல் 10 வரையும், கால்சியத்தை லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் வரையும், மக்னீசியத்தை 1250 முதல் 1350 வரையும் வைத்திருப்பது போதுமானது. மென்பவளங்கள் மட்டுமே உள்ள தொட்டியில் வாராந்திர நீர்மாற்றமே இவற்றைப் பேணிவிடும். பெரிய தொட்டிகளில் பயன்படும் சுண்ணாம்பு நீர் முதலிய கூடுதல் கரைசல்கள் இங்கே தேவையில்லை. பரிசோதித்து அறியாத எப்பொருளையும் நீரில் சேர்க்காதிருப்பதே பாதுகாப்பான விதி.

உணவைக் குறைவாக இடுவது இப்பராமரிப்பின் மறுபாதி. எனினும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் முற்றிலும் சுழியமாக்க முயல்வதும் தவறு. அவை சிறிதளவேனும் இல்லாத நீரில் பவளம் நலிவதோடு, தீய நுண்பாசிகள் படர்வதற்கும் இடம் உண்டாகிறது. மாதம் ஒருமுறை பம்ப்பை வினிகர் கலந்த நீரில் ஓடவிட்டுப் படிந்த சுண்ணத்தை நீக்குவதும், வடிகட்டிப் பஞ்சை வாரந்தோறும் தொட்டியிலிருந்து எடுத்த உப்புநீரிலேயே அலசுவதும் போதும்.

வெக்கையும் மின்வெட்டும்

குளிர்நாட்டு நூல்கள் ஹீட்டரைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. தமிழ்நாட்டிலும் இலங்கையின் தாழ்நிலப் பகுதிகளிலும் சிக்கல் வெப்பத்தைக் குறைப்பதில்தான் உள்ளது. தொட்டியின் நீர் 24 முதல் 27 டிகிரி வரை இருக்க வேண்டும். கோடையில் அறையின் வெப்பமே 33, 34 டிகிரியைத் தொடுகிறது. நீரின் மேற்பரப்பில் சிறு மின்விசிறியால் காற்றை வீசச் செய்தால் ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் ஈரம் மிகுந்த கடற்கரை ஊர்களில் இப்பயன் குறைவதோடு, வற்றும் நீரின் அளவு கூடி, நன்னீர் நிரப்பும் பணியும் இரட்டிக்கும். கோடை முழுவதும் குளிர்சாதன வசதியோ நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியோ தர இயலாத வீட்டில் இத்தொட்டியைத் தொடங்காதிருப்பதே உயிர்களுக்குச் செய்யும் நன்மை. அதேவேளை, சன்னல்கள் அடைத்த குளிர்சாதன அறையில் மனிதர் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு தேங்கி நீரில் கரைவதால் பி.எச். தாழும், நாளுக்குச் சிறிது நேரமேனும் சன்னலைத் திறந்து வைத்தல் இதனைச் சீராக்கும்.

மின்சாரம் நின்றால் முதலில் குறைவது ஆக்சிஜன். வெப்பமான நீர் குறைந்த ஆக்சிஜனையே தாங்கும் என்பதால் கோடை மின்வெட்டு இருமடங்கு ஆபத்தானது. பேட்டரியில் இயங்கும் காற்று பம்ப் ஒன்றை எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும். கொசுவிரட்டித் திரவங்களிலும் பூச்சிமருந்துத் தெளிப்பான்களிலும் உள்ள பைரித்திராய்டு வகைப் பொருள்கள் இறாலுக்கும் நண்டுக்கும் கொடிய நஞ்சு ஆதலால், தொட்டியுள்ள அறையில் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. சோப்பும் எண்ணெயும் பட்ட கையை நீரில் விடுவதும் அவ்வாறே விலக்கத்தக்கது.

கடலுக்குத் திரும்பக் கூடாதவை

வளர்ப்பதைக் கைவிட நேரும்போது, உயிர்களை மீண்டும் கடலில் விடுவது கருணைச் செயலாகத் தோன்றலாம். அது கடலுக்கு இழைக்கும் பெருங்கேடு. தொட்டிகளில் வளர்க்கப்பட்ட காலர்ப்பா டாக்சிஃபோலியா என்னும் பாசி 1984-இல் மொனாக்கோ கரையோரம் சிறு திட்டாகக் காணப்பட்டு, பின்னர் மத்தியதரைக் கடலின் பல பகுதிகளில் படர்ந்து அங்குள்ள கடற்புல் வெளிகளை நெருக்கியது. இந்தோ-பசிபிக் கடலுக்குரிய சிங்கமீன் அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் 1985-இல் முதன்முதலாகப் பதிவாகி, இன்று கரீபியன் கடல் முழுதும் பரவி, உள்ளூர் மீன்குஞ்சுகளைத் தின்று பெருகியுள்ளது. அதன் வருகைக்கும் மீன்தொட்டிகளே காரணமாகக் கருதப்படுகின்றன. எனவே வேண்டாத உயிரை மற்றொரு வளர்ப்பாளருக்கோ விற்றவருக்கோ கொடுக்க வேண்டும். பழைய நீரைக் கடலிலோ நீர்நிலையிலோ கொட்டாமல் கழிவுநீர் வழியே விட வேண்டும்.

இவ்வளவு நிபந்தனைகளையும் ஏற்றுத் தொட்டி தொடங்க விரும்புவோர் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள ஒரு வழி உண்டு. பாறையும் மணலும் உப்புநீரும் மட்டும் கொண்ட தொட்டியை அமைத்து, நைட்ரஜன் சுழற்சி நிறைவுறும் வாரங்களையும் சேர்த்து இரண்டு மாதங்கள், இயன்றால் அவற்றில் ஒன்று கோடை மாதமாக அமையும்படி, உயிர் எதையும் விடாமல் பராமரித்துப் பார்க்கலாம். நாள்தோறும் நன்னீர் நிரப்புவது தவறாமல், வாரந்தோறும் நீர்மாற்றுவது தள்ளிப்போகாமல், வெப்பம் 27 டிகிரிக்குள்ளும் உவர்ப்பு 35-ஐ ஒட்டியும் நிற்பதைக் குறிப்பேட்டில் எழுதிக் காட்ட முடிந்தவர், முதல் காளான் பவளத்தை நம்பிக்கையோடு வாங்கலாம். அவ்வாறு முடியாதவர் இழப்பது சில கிலோ உப்பும் சிறிது மின்சாரமும் மட்டுமே. அந்த இயலாமைக்கு விலையாக ஓர் உயிரும் போயிருக்காது.